பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விழுற அடி: கண்டிப்பா, கொடுமையா?

#1 · காம்பவுண்டு கார்த்தி

மதுரை தெக்குப் பக்கம், பழைய காம்பவுண்டு வீடு. ஆறு குடித்தனம், ஒரே குழாய். அந்தப் பக்கம் இருமுனா இங்கிட்டு கேக்கும். பக்கத்துப் போர்ஷன்ல ஒரு பொண்ணு, ரெண்டு பிள்ளை. மூத்தவன் ஒண்ணாங்கிளாஸ், சின்னது கைக்குழந்தை. வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை. எப்பவாவது வருவாரு. வந்தா டாஸ்மாக், சண்டை.

அந்தப் பையனுக்குத்தான் அடி. முதுகுல ஒண்ணு போடுற அடி இல்ல. சார்ஜர் வயர், தோசைக் கரண்டி, கையில கெடைக்கிறது எல்லாம். படுக்கையில ஒண்ணுக்குப் போயிட்டான்னு காலங்காத்தால நனைஞ்ச பாயோட வாசல்ல நிக்க வைக்குது. இப்ப தொடையில சூடு வச்ச மாதிரி ஒரு தழும்பு பாத்தேன்.

காம்பவுண்டுல கேட்டா "பெத்தவ அடிக்கிறா, உனக்கென்ன" ங்குறாய்ங்க. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, பிள்ளை வளர்ப்பு பத்தி ஒண்ணும் தெரியாது. இது கண்டிப்பா, கொடுமையா? போலீசுக்குப் போனா அந்தப் பொண்ண உள்ள வச்சிருவாய்ங்களா? பிள்ளைகள ஹோம்ல போட்ருவாய்ங்களா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 · பழைய மதுரைக்காரன்

தம்பி, நாங்கல்லாம் அடி வாங்காமலா வளர்ந்தோம்? எங்க அப்பா பள்ளிக்கூடத்துல சேக்கும்போதே வாத்தியார்கிட்ட "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க"ன்னு சொல்லிட்டுத்தான் வந்தாரு. புளியங்குச்சி எத்தனை முறிஞ்சிச்சுன்னு கணக்கே இல்ல. ரிட்டயர் ஆகி பென்ஷன் வாங்கிட்டு நல்லாத்தான் இருக்கேன். சூடு வைக்கிறது தப்பு, அதை ஒத்துக்கிறேன். ஆனா அடுத்த வீட்டு விவகாரத்துல தலையிட்டா நாளைக்கு உம்மேல பழி வரும்.

#3 · வார்டு அக்கா

கார்த்தி தம்பி, குழந்தைகள் வார்டுல பல வருஷம் நர்சா இருந்தவ சொல்றேன். பிள்ளைக தானா விழுந்தா அடி எங்கிட்டு படும்? முட்டி, முழங்காலுக்குக் கீழ முன்பக்கம், முழங்கை, நெத்தி. எலும்பு துருத்திக்கிட்டு இருக்கிற எடமா இருக்கும். காது மடல், கழுத்து, வயிறு, முதுகு, பின்பக்கம், தொடையோட உள்பக்கம் இங்கெல்லாம் கன்னிப்போயிருந்தா எப்படி ஆச்சுன்னு கேட்டே ஆகணும். நாலு வயசுக்குள்ள பிள்ளைக்கு உடம்பு, காது, கழுத்துல கன்னியிருந்தா டாக்டருங்க உடனே உஷாராயிருவாங்க. நாலு மாசம்கூட ஆகாத குழந்தைன்னா எங்க கன்னியிருந்தாலும் சந்தேகந்தான். புரளவே தெரியாத குழந்தை எப்படிப் போயி விழும்?

வயர மடிச்சு அடிச்சா வளையம் மாதிரி கோடு விழும். கொதிக்கிற தண்ணி தெறிச்சா காயம் தாறுமாறா இருக்கும். கரண்டி வச்சா அதோட உருவமே பதியும். அதே சமயம், நம்ம பக்கத்துல பிட்ஸ், மாந்தம், மஞ்சக்காமாலைன்னு சூடு போடுற வழக்கமும் இன்னும் போகல. அதுவும் பிள்ளைக்குக் கேடுதான், ஆனா கதை வேற. தழும்ப மட்டும் பாத்து முடிவு கட்டாதீங்க.

எனக்குப் பெரியவன விட அந்தக் கைக்குழந்தைய நெனச்சாத்தான் பயம். அழுகைய நிறுத்த ஆத்திரத்துல பிடிச்சு உலுக்குனா மூளைக்குள்ள ரத்தம் கசியும். வெளிய ஒரு கீறல்கூட தெரியாது. வாந்தி, சோர்ந்து கிடக்கிறது, பால் குடிக்காம இருக்கிறது இப்படி ஏதாவதுன்னா தாமதிக்காம பெரியாஸ்பத்திரி போயிரணும்.

#4 · நெறியாளர்

முதல் பதிவில் இருந்த தெருப் பெயரையும் பள்ளிப் பெயரையும் நீக்கியிருக்கிறேன். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்திலும் அதே தடை உண்டு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

#5 · புள்ளிவிவரப் பித்தன்

பழைய மதுரைக்காரன் ஐயா "நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னதுக்கு ஒரு பதில். நல்லா இல்லாதவங்க இந்த இழைக்கு வந்து எழுதப் போறதில்ல. அதனாலதான் பெரிய ஆய்வுகளப் பாக்க வேண்டியிருக்கு.

அமெரிக்காவுல சான் டியாகோ நகரத்துல உடம்பு எடை குறைக்கிற கிளினிக் ஒண்ணு நடத்துனாரு வின்சென்ட் ஃபெலிட்டின்னு ஒரு டாக்டர். எடை நல்லா குறைஞ்சவங்களே பாதியில நின்னு போறாங்க. ஏன்னு விசாரிச்சா, பல பேருக்குச் சின்ன வயசுல பாலியல் கொடுமை நடந்திருக்கு. அதுல தொடங்கி ராபர்ட் ஆண்டாவோட சேர்ந்து 17,000 பேருக்கு மேல கேட்டு ஒரு ஆய்வு பண்ணாங்க. முதல் கட்டுரை 1998-ல வந்துச்சு. அடி, திட்டு, பாலியல் தொல்லை, வீட்டுல குடி, அம்மா அடிபடுறது இப்படி வகை வகையா எண்ணுனாங்க. நாலு வகையோ அதுக்கு மேலயோ பட்டவங்களுக்கு மதுப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி இதெல்லாம் ஒண்ணுமே படாதவங்கள விட 4-லேர்ந்து 12 மடங்கு அதிகம். நெஞ்சு நோயும் கூடுது. இத்தனைக்கும் அவங்க பெரும்பாலும் படிச்ச, மருத்துவக் காப்பீடு இருந்த நடுத்தர வர்க்கம்.

ஒண்ணு மட்டும் கவனிக்கணும். இது கூட்டத்துக்கான கணக்கு. "நீ பட்டது அஞ்சு வகை, உன் வாழ்க்கை அவ்வளவுதான்"னு ஒரு ஆளப் பாத்துச் சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு ஆண்டாவே 2020-ல எழுதிட்டாரு.

நம்ம நாட்டுல மத்திய அரசு 2007-ல வெளியிட்ட ஆய்வுல 13 மாநிலம், 12,447 பிள்ளைக. மூணுல ரெண்டு பிள்ளைக்கு அடி உதை. வீட்டுக்குள்ள அடிபட்டவங்கள்ல 88.6 சதவீதம் பேரை அடிச்சது பெத்தவங்கதான். அந்த 13-ல தமிழ்நாடு இல்ல. அதனால இது நம்ம கணக்கு இல்லைன்னு சிலர் சமாதானம் ஆகலாம். நான் ஆக மாட்டேன்.

#6 · உசிலை மகன்

நல்லா இல்லாதவன் ஒருத்தன் வந்திருக்கேன், எழுதுறேன்.

எங்கப்பாவுக்கு பெல்ட். குடிச்சா மட்டும் இல்ல, குடிக்காத அன்னைக்கும். நாப்பது வயசு தாண்டியும் பைக் ஸ்டாண்ட் போடுற சத்தம் கேட்டா வயிறு பிசையுது. ஆபீஸ்ல மேனேஜர் குரல் உசந்தா பதில் தெரிஞ்சாலும் வாய் வராது. ரெண்டு பிரமோஷன் அதுல போச்சு. என் மகளை இதுவரைக்கும் கை நீட்டுனதில்ல. ஆனா கோபம் வந்தா வீட்ட விட்டு வெளிய போயி நடந்துட்டுத்தான் வருவேன். அடிபட்டவன் எல்லாம் அடிக்கிறவனா மாறிருவான்னு சினிமாவுல காட்டுறாய்ங்க. பெரும்பாலானவன் மாறல. மாறாம இருக்க எவ்வளவு பாடுபடுறான்னு யாரும் எழுதுறதில்ல.

நான் தப்பிச்சது எங்க அப்பத்தாவால. அது ஒண்ணும் பெருசா செய்யல. ராத்திரி ஓடிப்போனா கதவத் தொறக்கும், கேள்வி கேக்காம சோறு போடும். எந்த நேரம் போனாலும் தொறக்கும்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். உசிலம்பட்டின்னாலே பொம்பளப் பிள்ளைய கள்ளிப்பால் ஊத்திக் கொன்ன கதையத்தான் இன்னும் கேக்குறாய்ங்க. நடந்துச்சு, மறுக்கல. ஆனா வேண்டாம்னு விடுற பிள்ளைய அரசு வாங்கிக்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல மொதல்ல வந்தது சேலத்துல. கொடுமைய ஒரு ஊர் தலையில கட்டிட்டா மத்த ஊர்க்காரன் நிம்மதியா தூங்கலாம்ல.

#7 · மாசி வீதி மணி

உசிலை அண்ணே, 🙏

#8 · பழைய மதுரைக்காரன்

உசிலை தம்பி பட்டது கேட்டு வருத்தந்தான். பெல்ட்டையும் புளியங்குச்சியையும் ஒண்ணா போடாதீங்கப்பா. அளவா அடிக்கிறது வேற. அடியாத மாடு படியாதுன்னு பெரியவங்க அனுபவத்துலதான் சொல்லிருக்காங்க.

#9 · புள்ளிவிவரப் பித்தன்

அந்த "அளவா" அடிய மட்டும் தனியா எடுத்துப் பாத்த தொகுப்பு இருக்கு ஐயா. 2016, எலிசபெத் கெர்ஷாஃப். 75 ஆய்வு, 1,60,000 பிள்ளைக. கையால பின்பக்கம் போடுற அடி மட்டும். அடி வாங்குன பிள்ளைக கூடுதலா படிஞ்சதா வரல. முரட்டுத்தனம், பெத்தவங்களோட ஒட்டாம போறது, மனசு பாதிப்பு இந்தப் பக்கந்தான் தராசு சாஞ்சிச்சு. சுவீடன்ல வீட்டுல அடிக்கிறதையே 1979-ல தடை பண்ணிட்டாங்க.

#10 · திருமங்கலம் டீச்சர்

அரசு தொடக்கப் பள்ளி. ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். அடி கண்ணுக்குத் தெரியும், அதனால் அதைப் பற்றியே பேசுகிறோம். நான் வகுப்பில் அதிகம் பார்ப்பது கவனிப்பாரற்ற பிள்ளைகளை. காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் மதுரையில்தானே தொடங்கினார்கள். அது வந்த பிறகு எனக்கு ஒரு புதுக் கண் கிடைத்தது. திங்கட்கிழமை காலை எந்தப் பிள்ளை மூன்று முறை வாங்கிச் சாப்பிடுகிறது என்று பார்த்தால் போதும். சனி, ஞாயிறு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல் சொத்தை முற்றி முகம் வீங்கி வருவது, காது சீழ் வடிவது, தம்பி பாப்பாவைப் பார்க்க ஏழு வயசுக்காரியை நிறுத்திவிடுவது. யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் இது கொடுமைதான்.

வீட்டில் பயந்து வாழும் பிள்ளையை "வாலு"ன்னு முத்திரை குத்துகிறோம். அவன் கவனிக்காமல் இல்லை, எல்லாவற்றையும் கவனிக்கிறான்: யார் குரல் மாறுகிறது, யார் கை தூக்குகிறார்கள், கதவு எங்கே இருக்கிறது. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குத்தான் இடம் மிச்சமில்லை. இன்னொரு வகை, வாயே திறக்காமல் சொன்னதெல்லாம் செய்யும் பிள்ளை. "ரொம்ப நல்ல பிள்ளை" என்று விட்டுவிடுவோம். எனக்கு அவனைப் பார்த்தால்தான் கவலை அதிகம்.

திட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நீ பொறந்ததுல இருந்துதான் இந்த வீட்டுக்குத் தரித்திரம்" என்று தினமும் கேட்கும் பிள்ளைக்குத் தழும்பு எங்கே தேடுவது?

#11 · காம்பவுண்டு கார்த்தி

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் எழுதுனதப் படிச்சதும் கொஞ்சம் உன்னிப்பா கவனிச்சேன். செவ்வாக்கிழமை ராத்திரிதான் அடி ஜாஸ்தி. செவ்வாக்கிழமை குழுக் கடன் வசூலுக்கு ஆள் வர்ற நாள். பணம் கட்டலைன்னா குழுவுல மத்த பொம்பளைங்க எல்லாம் வந்து வாசல்ல உக்காந்துக்கிறாங்க. அவங்க எந்திரிச்சுப் போன பெறகு பையன் ஏதாவது கேட்டா அம்புட்டுத்தான்.

கடைசி வீட்டு ஆச்சிகிட்ட விசாரிச்சேன். அந்தப் பொண்ணுக்கு 17 வயசுல கல்யாணமாம், விரும்பி ஓடி வந்ததால தாய்வீடு எட்டிப் பாக்குறதில்ல. சின்னது பிறந்ததுல இருந்து ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்திருக்குமாம், பேச்சே கொறைஞ்சு போச்சாம். இதெல்லாம் தெரிஞ்ச பெறகு போன் போடவே கை வரமாட்டேங்குது. பாவம்ல அதுவும்.

#12 · செல்வி, குழந்தை நலம்

குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் பணி செய்கிறேன். கார்த்தி, நீங்கள் பாவம் பார்ப்பது சரி. போன் போட வேண்டியதும் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

நாங்கள் ஒரு வீட்டுக்குப் போனால் ராட்சசியைத் தேடுவதில்லை, சுமையை எண்ணுகிறோம். உங்கள் பக்கத்து வீட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது பாருங்கள். பதினெட்டு ஆகும் முன் திருமணம். கணவர் குடி, அடிதடி. கடன். தாய்வீட்டுத் துணை இல்லை. கைக்குழந்தை, தூக்கமில்லை. பேச்சு குறைந்துபோனது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலான தாய்மார்கள் சமாளித்துவிடுவார்கள். ஒரே ஆள் மேல் இத்தனையும் விழும்போது, வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத ஆள் மேல் அது இறங்குகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, ஊனமுள்ள குழந்தை, ஓயாமல் அழும் குழந்தை, வேண்டாமல் பிறந்த குழந்தை என்றால் ஆபத்து இன்னும் கூடும். பணக்கார வீடுகளில் நடக்காது என்று நினைக்காதீர்கள். அங்கே காம்பவுண்டுச் சுவர் உயரம், சத்தம் வெளியே வராது. அவ்வளவுதான்.

காரணம் புரிந்தால் குற்றம் இல்லை என்றாகிவிடாது. சூடு வைத்தது குற்றம்தான். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்கினாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ, இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் "கண்டிப்பு" என்ற பெயரில் அடிப்பதற்கு மட்டும் நம் நாட்டில் நேரடித் தடை இன்னும் வரவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் பலரும் "பெத்தவ அடிக்கிறா" என்கிறார்கள்.

1098-க்கு எந்த நேரமும் அடிக்கலாம், காசில்லை. உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். 1996-ல் மும்பையில் தொடங்கிய சேவை, இப்போது அரசே நடத்துகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் போய் விசாரிப்பார்கள். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை மீட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், ஒரு பெண்ணாவது கட்டாயம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட கொள்கை. குடும்பத்தோடு வைத்தே சரிசெய்ய முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கணவர் கைவிட்ட குடும்பம், விதவைத் தாய், இப்படிப்பட்ட வீடுகளுக்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய் கேட்க வழி உண்டு. நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000-க்குள், கிராமத்தில் 72,000-க்குள் இருக்க வேண்டும். இந்த வீடு அதில் வருமா என்பதை விசாரித்துத்தான் சொல்வார்கள்.

இந்தக் கதைக்குத் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விஷயம் பாலியல் தொல்லை என்றால் யோசிக்கவே இடமில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் தனிக் குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. மாமா, சித்தப்பா, வாத்தியார் யாராக இருந்தாலும்.

#13 · பழைய மதுரைக்காரன்

அம்மா, குழாயடிச் சண்டைக்கெல்லாம் 1098-க்கு போட ஆரம்பிச்சா?

#14 · செல்வி, குழந்தை நலம்

போடுகிறார்கள் ஐயா. நேரில் போனதும் பிள்ளையிடம் தனியாகப் பேசுவோம், டீச்சரிடம் கேட்போம், உடம்பைப் பார்ப்போம். பொய் என்றால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு அந்த வேலை வீணாவது பெரிதில்லை. வராத போன்தான் பயம்.

#15 · காம்பவுண்டு கார்த்தி

போட்டுட்டேன். ரெண்டு பேர் வந்தாங்க, ஒருத்தர் மேடம். யூனிபார்ம் எல்லாம் இல்ல, சாதாரணமா கதவத் தட்டுனாங்க. ரொம்ப நேரம் பேசிட்டு, அந்தப் பொண்ண மனநல டாக்டர்கிட்ட வரச் சொல்லியிருக்காங்க. பையன பள்ளிக்கூடத்துலயும் போயி பாத்தாங்களாம். செவ்வாக்கிழமை சாயந்திரம் பையன தன் வீட்டுல வச்சு டிவி போட்டு விடுறேன்னு ஆச்சி சொல்லிருச்சு. மேடம் அதையும் குறிச்சுக்கிட்டாங்க.

எல்லாம் சுபம்னு நெனைக்காதீங்க. வீட்டுக்காரர் திருப்பூர்ல இருந்து வந்து "எவன்டா போன் போட்டது"ன்னு நடு முத்தத்துல நின்னு கத்துனாரு. யாரும் வாயத் தொறக்கல. ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லிருவாரோன்னு ஒரு பேச்சும் ஓடுது. அடி கொறைஞ்சிருக்கு. நிக்கல.

#16 · செல்வி, குழந்தை நலம்

மறுபடி வருவார்கள். வரவில்லை என்றால் நீங்களே மறுபடி 1098-க்குப் போட்டு, முதல் போனைச் சொல்லுங்கள். கணவர் அந்தப் பெண்ணை அடித்தால் 181, பெண்கள் உதவி எண். வீடு காலி செய்யும் பேச்சு பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள். வேறு ஊருக்குப் போய்விட்டால் தொடர்பு அறுந்துவிடும்.

#17 · பழைய மதுரைக்காரன்

சரி. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. பேரன் சாப்பாட்டுத் தட்ட தூக்கி எறிஞ்சா கும்புட்டு நிக்கணுமா? இதுக்கும் யாராச்சும் பதில் சொல்லுங்க.

#18 · திருமங்கலம் டீச்சர்

எறிந்த சோற்றை அவனே கூட்டி அள்ளட்டும் ஐயா. நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், பேச வேண்டாம். அடுத்த வேளை வரை வேறு பலகாரம் கிடையாது. இன்றைக்குச் சிரித்துவிட்டு நாளைக்கு அடித்தால்தான் பிள்ளைக்குக் குழப்பம். 35 பிள்ளைகளை வைத்துக்கொண்டு குச்சியில்லாமல் ஓட்டுகிறேன், ஒற்றைப் பேரனை உங்களால் முடியாதா?

#19 · பழைய மதுரைக்காரன்

அவன் ஆத்தா உடனே பிஸ்கட் எடுத்துக் குடுத்துருவா. அங்கதான் சிக்கல்.

#20 · காம்பவுண்டு கார்த்தி

வார்டு அக்கா, ஒண்ணு கேக்கணும். படுக்கையில ஒண்ணுக்குப் போறதுக்குத்தான் இன்னும் காலையில சத்தம் வருது. அது வேணும்னு செய்றான்னு அந்தப் பொண்ணு நெனைக்குது. ஆச்சி மூலமா ஏதாவது சொல்லி விடலாமா?

#21 · வார்டு அக்கா

வேணும்னு யாரும் தூக்கத்துல ஒண்ணுக்குப் போக முடியாது தம்பி. அஞ்சு வயசுப் பிள்ளைகள்ல நூத்துக்கு 15 பேர் ராத்திரி நனைக்கும், வருஷம் போகப் போகக் கொறையும். அதனால ஒண்ணாங்கிளாஸ் பையனுக்கு இது அதிசயமே இல்ல. ஆனா ஆறு மாசமாவது நனைக்காம இருந்துட்டுத் திரும்ப ஆரம்பிச்சா காரணம் தேடணும். மூத்திரத்துல கிருமி, மலச்சிக்கல், அபூர்வமா சர்க்கரை, இல்லைன்னா மனசுல பயம். தம்பி பாப்பா பிறந்த பெறகு ஆரம்பிச்சதா, அப்பா வர்ற நாள்ல மட்டுமான்னு ஆச்சிய நைசா கேக்கச் சொல்லுங்க. அடிக்க அடிக்க இது கூடத்தான் செய்யும்.

அதுவரைக்கும் பாய்க்கு மேல ஒரு ரப்பர் ஷீட், அதுக்கு மேல பழைய சேலை. படுக்கப் போறதுக்கு முன்னால ஒருக்கா ஒண்ணுக்குப் போக வைக்கணும். பகல்ல தண்ணி நல்லா குடிக்கட்டும், சாயந்திரத்துக்கு மேல கொறைச்சுக்கலாம், ஒரேயடியா நிறுத்த வேண்டாம். காலையில துணி மாத்துறப்ப யாரும் எதுவும் பேச வேண்டாம், வாசல்ல நிக்க வைக்கிறத முதல்ல நிறுத்தணும். யூரின் டெஸ்ட் ஒண்ணு எடுத்துரச் சொல்லுங்க. பகல்ல அடிக்கடி ஒண்ணுக்கு ஓடுறானா, ரொம்பத் தாகமா இருக்கானா, வெளிக்குப் போக முக்குறானான்னு கேட்டு இங்க எழுதுங்க.